வேர் விடுக்கும் அழைப்பு

சோட்டா நாகபுரிப் பீடபூமியில், ஹஜாரிபாக் மாவட்டத்து மேட்டு நிலங்களில் நெல் விளைவது முற்றிலும் பருவ மழையை நம்பித்தான். வரப்பு உயர்த்தி நீர் தேக்கும் வயல்கள் அல்ல இவை. சரிவான செம்மண் நிலங்கள். பெய்த மழை நில்லாது ஓடிவிடும். மழை இறங்கியதும் விதை நேரடியாக விதைக்கப்படுகின்றது. 'கோரா' என்று வழங்கும் பழைய இனங்களும், ஆராய்ச்சி நிலையங்கள் பின்னர் அளித்த குறுகிய கால இனங்களும் மழைக்காலம் முடிவதற்குள் கதிர் முற்றிவிடுகின்றன. இம்மண் அமிலத் தன்மை உடையது. இரும்பும் அலுமினியமும் மிகுந்தது. மணிச்சத்து இம்மண்ணில் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. இருப்பது, இரும்புடனும் அலுமினியத்துடனும் பிணைந்து பயிருக்கு எட்டாமல் கிடக்கின்றது. உழவர் வாங்கி இடும் உரத்தின் மணிச்சத்தும் விரைவிலேயே அதே பிணைப்பிற்குள் சென்றுவிடுகின்றது. பெட்டகத்தில் பணம் இருந்தும் சாவி இல்லாதவனின் வறுமையை இது ஒத்தது.

இச்சாவி மண்ணிலேயே வாழும் சில பூசணங்களிடம் உள்ளது. அவற்றை வேர் தானே அழைக்கின்றது, வந்ததை இன்னதென்று அறிகின்றது, உள்ளே அனுமதிக்கின்றது, தேவை தீர்ந்ததும் அழைப்பை நிறுத்திவிடுகின்றது. இந்நிகழ்ச்சியின் பெரும்பகுதி 2005-ஆம் ஆண்டிற்குப் பின்னரே மூலக்கூறு அளவில் தெளிவாயிற்று. அதில் உர நிர்வாகத்திற்கு நேரடியான ஒரு செய்தி அடங்கியிருப்பதால், தாவரவியல் மாணவர்களுக்கு மட்டுமன்றி வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கும் இதனை அறிவது பயன் தரும்.

மணிச்சத்தின் கணக்கு

இந்தியாவின் மணிச்சத்து உரத் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாடுகளையே சார்ந்துள்ளது. ஒரு பகுதி தயாரான உரமாகவும், மற்றொரு பகுதி பாறைப் பாஸ்பேட், பாஸ்பாரிக் அமிலம் ஆகிய மூலப்பொருள்களாகவும் வந்து இறங்குகின்றது. ராஜஸ்தானில் உதயப்பூர் அருகே ஜாமர்கோட்ராவிலும், மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, சாகர் பகுதிகளிலும் பாறைப் பாஸ்பேட் கிடைக்கின்றது எனினும் தேவைக்கு அது போதுமானதன்று. உலகில் அறியப்பட்டுள்ள இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் உள்ளது. இத்தகைய பொருளின் விலை உலகச் சந்தையில் ஏறும்பொழுது அதன் சுமை உழவர் மீதோ அரசுக் கருவூலத்தின் மீதோ விழுந்தே தீரும். 2022-23-ஆம் நிதியாண்டில், எல்லா உரங்களுக்குமாக மத்திய அரசு ஏற்ற மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

இவ்வளவு செலவிட்டுப் பெறும் மணிச்சத்தில், இட்ட பருவத்தின் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 முதல் 25 விழுக்காடு வரைதான். எஞ்சியது முழுவதும் வீணாகிவிட்டது எனல் தவறு. அது மண்ணில் சேர்ந்து நிற்கின்றது. ஆனால் அதனை எட்டுவது வேருக்கு எளிதன்று. நைட்ரேட் நீருடன் ஓடி வேரை வந்தடையும். பாஸ்பேட் அவ்வாறு நகர்வதில்லை. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிற்குள் உள்ளதை உறிஞ்சியதும் அங்கே ஒரு வெற்று வளையம் உண்டாகிவிடுகின்றது. வளையத்திற்கு வெளியே மணிச்சத்து இருந்தும் வேருக்கு அது இல்லாததற்குச் சமமே. வேர்த்தூவியைவிடப் பன்மடங்கு மெல்லிய பூசண இழைகள் இவ்வளையத்தைக் கடந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவு வரை, வேர் நுழைய இயலாத மண் இடுக்குகளிலும் பரவுகின்றன. துத்தநாகச் சத்தையும் அவை இவ்வாறே திரட்டித் தருகின்றன.

டிரஃபிள் தேடியபொழுது கிடைத்தது

வேருக்கும் பூசணத்திற்கும் உள்ள உறவிற்கு 'மைக்கோரைசா', அதாவது பூசண வேர், என்று 1885-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க். விலையுயர்ந்த உணவுக் காளானாகிய டிரஃபிளைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசு அவரைப் பணித்திருந்தது. அம்முயற்சி கருதிய பயனைத் தரவில்லை. ஆயினும் காட்டு மரங்களின் வேர் நுனிகளைப் பூசணம் உறை போலப் போர்த்தியிருப்பதையும், மரங்கள் அதனால் நலிவுறாமல் செழித்திருப்பதையும் அவர் கண்டார். அரசு ஒதுக்கும் ஆராய்ச்சி நிதி கேட்ட விடையைத் தராமல் கேளாத விடையைத் தருவதும் உண்டு. செலவுக் கணக்கில் அதற்கெனத் தலைப்பு இல்லை என்பது வேறு செய்தி.

ஃபிராங்க் கண்டவை வேரின் வெளியே போர்வையாக அமையும் வகையைச் சேர்ந்தவை. நெல், கோதுமை, சோளம், பயறு வகைகள், கரும்பு, வாழை முதலிய பயிர்களில் காணப்படுவது வேறு வகை. அது வேரின் உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்கின்றது. வேளாண் அலுவலர்கள் 'வாம்' என்று சுருக்கமாக வழங்கும் வேர் உட்பூசணம் இதுவேயாகும். நிலத் தாவர இனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வுறவைக் கொண்டுள்ளன. ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரப் புதைபடிவங்களிலேயே இத்தகைய பூசணம் காணப்படுகின்றது. உண்மையான வேர்கள் தோன்றுமுன்னரே தாவரம் இத்துணையை நாடியிருந்தது என்பது இதனால் விளங்கும். இந்தியாவில் இத்துறை ஆராய்ச்சிக்குப் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையமும் தொடக்கத்தில் பெரும் பணியாற்றின. ஆசிய நாடுகளுக்கான முதல் மைக்கோரைசா மாநாடு 1988-ஆம் ஆண்டு சென்னையில்தான் கூடிற்று.

அழைப்பு எவ்வாறு செல்கின்றது

மண்ணில் கிடக்கும் பூசண வித்து தானாகவும் முளைக்கும். ஆனால் அருகில் வேர் இல்லையேல் அதன் இழை சிறிது நீண்டு, தன்னிடமுள்ள சேமிப்புத் தீருமுன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். உயிருள்ள வேரின் அருகில் அதன் நடத்தை அடியோடு மாறுகின்றது. இழை பல கிளைகளாகப் பிரிந்து வேரை நோக்கிப் பரவுகின்றது. வேரிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து இம்மாறுதலை உண்டாக்குகின்றது என்பது நீண்ட காலமாகவே தெரிந்திருந்தது. அப்பொருள் ஸ்டிரைகோலாக்டோன் வகையைச் சேர்ந்தது என்பதை ஜப்பானிய அறிஞர் அகியாமாவும் அவர்தம் குழுவினரும் 2005-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். மிக நுண்ணிய அளவே போதும். அது பட்ட பூசணத்தின் சுவாசம் குறுகிய நேரத்தில் விரைவடைகின்றது.

இப்பொருள் அறிவியலுக்குப் புதியதன்று. 1966-ஆம் ஆண்டிலேயே பருத்தி வேரிலிருந்து இதன் ஒரு வகை பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அன்று அது பயிரின் பகைவனுக்குத் துணை செய்யும் பொருளாகவே அறியப்பட்டது. சோளம், கம்பு, கரும்பு ஆகியவற்றின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையின் விதை, இப்பொருளை உணர்ந்த பின்னரே முளைக்கின்றது. ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் இக்களை விளைவிக்கும் நட்டம் மிகப் பெரிது. தனக்குத் தீங்கு தரும் ஒரு பொருளைச் செடி ஏன் ஓயாது கசியவிடுகின்றது என்ற கேள்விக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விடை இல்லை. நண்பனுக்கு விடுத்த அழைப்பைப் பகைவன் ஒட்டுக் கேட்கின்றான் என்பது 2005-க்குப் பின்னரே புலனாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, தண்டின் பக்கக் கிளைகளைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் இதே வகைப் பொருள்தான் என்பது வெளிப்பட்டது. மணிச்சத்து குறைந்தால் செடி வேரின் வழியாகப் பூசணத்தை அழைக்கின்றது; அதே பொருளைக் கொண்டு கிளை விடுவதையும் குறைத்துக்கொள்கின்றது. வரவு குறைந்த குடும்பம் கடன் கேட்டு ஆள் அனுப்பிய கையோடு வீட்டுச் செலவையும் சுருக்குவது போன்றதாகும் இது.

ஸ்டிரைகோலாக்டோன் மண்ணில் நீண்ட நேரம் நிலைத்து நிற்பதில்லை, விரைவில் சிதைந்துவிடும். இது குறைபாடு போலத் தோன்றினும் அழைப்பின் பயனுக்கு இதுவே அடிப்படை. பொருள் இருக்கும் இடத்தில் உயிருள்ள வேர் மிக அருகிலேயே இருக்க வேண்டும் என்பது இதனால் உறுதியாகின்றது.

நண்பனா, பகைவனா?

இழை வேரின் மேற்பரப்பைத் தொடும்பொழுது செடிக்கு ஒரு சிக்கல் எழுகின்றது. குலை நோயை உண்டாக்கும் பூசணத்தின் செல் சுவரும் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. நன்மை தரும் பூசணத்தின் செல் சுவரும் அதனாலேயே ஆனது. ஒன்றைத் தடுத்து மற்றொன்றை ஏற்பது எவ்வாறு?

இரு தரப்பிலிருந்தும் உதிரும் கைட்டின் துண்டுகளின் நீளத்தில் ஒரு குறிப்பு உள்ளது. எட்டு அலகுகள் கொண்ட நீண்ட துண்டுகள் நெல்லின் தற்காப்பை வலுவாகத் தூண்டுகின்றன. வேர் உட்பூசணமோ நான்கு, ஐந்து அலகுகள் கொண்ட குறுந்துண்டுகளை வெளியிடுகின்றது. ஸ்டிரைகோலாக்டோன் பட்டவுடன் அவற்றின் அளவு மிகுகின்றது என்பது 2013-ஆம் ஆண்டு ஆய்வில் தெரியவந்தது. இவற்றோடு, கைட்டின் தொடரில் கொழுப்பு அமிலம் இணைந்த வேறொரு வகைக் குறிப்புப் பொருளையும் பூசணம் வெளியிடுவதை 2011-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பயறு வகைகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா வெளியிடுவதும் ஏறத்தாழ இதே அமைப்பைக் கொண்ட பொருளே.

நெல் வேரின் செல் சவ்வில் இக்குறிப்புகளை வாங்கும் ஏற்பிப் புரதங்கள் உள்ளன. அவற்றுள் செர்க்-1 என்பது ஒரே சமயத்தில் இரண்டு பணிகளை ஆற்றுகின்றது. ஒரு துணைப் புரதத்துடன் சேர்ந்தால் தற்காப்பைத் தூண்டுகின்றது. மற்றொன்றுடன் சேர்ந்தால் உறவுக்கான வழியைத் திறக்கின்றது. இவ்விரு துணைகளும் செர்க்-1 புரதத்தைத் தம்பால் ஈர்க்கப் போட்டியிடுகின்றன என்று 2021-இல் வெளியான நெல் ஆய்வு கூறுகின்றது. நண்பனுக்கும் பகைவனுக்கும் இடையே உள்ள எல்லை கத்தியால் வெட்டியது போன்றதன்று என்பதும் இதனால் தெரிகின்றது. முதல் சில மணி நேரத்தில் நன்மை தரும் பூசணத்திற்கு எதிராகவும் செடியின் தற்காப்பு ஓரளவு எழுகின்றது, பின்னர் அடங்குகின்றது. அதனை அடக்குவதில் பூசணம் சுரக்கும் சில புரதங்களுக்கும் பங்கு உண்டு.

உறவுக்கான குறிப்பு கிடைத்ததும், வேர் உயிரணுவின் உட்கருவில் கால்சியத்தின் அளவு சீரான இடைவெளியில் ஏறி இறங்கத் தொடங்குகின்றது. நாடித் துடிப்பை ஒத்த இவ்வலைவை ஒரு நொதி உணர்ந்து, உரிய மரபணுக்களை இயக்குகின்றது. பயறு வகைகளில் ரைசோபியத்தை ஏற்பதற்கும் இதே வழிதான் பயன்படுகின்றது. வேர் முடிச்சு உண்டாகாத பட்டாணிச் செடிகள் சிலவற்றில் வேர் உட்பூசணமும் புகுவதில்லை என்பதை பிரான்சு நாட்டினர் 1989-ஆம் ஆண்டிலேயே கவனித்திருந்தனர். காரணம் பின்னரே தெளிவாயிற்று. பூசணத்திற்கெனத் தொன்மையில் அமைந்த வாயிலைப் பயறு இனம் பின்னர் பாக்டீரியாவிற்கும் திறந்துவிட்டது எனலாம்.

நெல்லில் மற்றொரு வியப்பும் உண்டு. காடு எரிந்த பின்னர் புகையில் உள்ள சில பொருள்களை உணர்ந்து விதைகள் முளைப்பது அறிந்ததே. அப்பொருளை உணரும் ஏற்பிப் புரதம் இல்லாத நெற்செடி, வேர் உட்பூசணம் அருகில் வந்தும் அதனைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை என்பது 2015-இல் தெரியவந்தது. புகைக்கும் பூசணத்திற்கும் என்ன தொடர்பு? செடியினுள்ளேயே தோன்றும் வேறொரு ஹார்மோனை உணர்வதே இப்புரதத்தின் முதன்மைப் பணியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

வாயிலும் கொடுக்கல் வாங்கலும்

பூசணம் வேரைத் துளைத்துக்கொண்டு நுழைவதாக முன்னர் கருதப்பட்டது. உண்மையில் வழியைச் செடியே அமைத்துக் கொடுக்கின்றது. இழை தொட்ட இடத்திற்குக் கீழே உயிரணுவின் உட்கரு நகர்ந்து வருகின்றது. பின்னர் அது உயிரணுவின் குறுக்கே முன்னே செல்ல, அதன் பின்னால் ஒரு சுரங்கம் போன்ற பாதை உருவாகின்றது. பாதை முடிந்த பின்னரே இழை உள்ளே செல்கின்றது. 2005-இல் இதனை நுண்ணோக்கியின் கீழ் நேரிலேயே கண்டனர்.

வேரின் உட்பகுதியை அடைந்த இழை அங்குள்ள உயிரணுக்களில் சின்னஞ்சிறு மரம் போலக் கிளைத்து நிற்கின்றது. 'அர்பஸ்கூல்' எனப்படும் இக்கிளைக் கொத்தைச் செடியின் சவ்வு முழுவதுமாகச் சூழ்ந்திருக்கும். எனவே பூசணம் உயிரணுவிற்குள் இருந்தும் செடியின் உட்பொருளோடு நேராகக் கலப்பதில்லை. இச்சவ்வில்தான் மணிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சிறப்புப் புரதங்கள் உள்ளன. பூசணம் குடியேறிய நெற்பயிர் பெறும் மணிச்சத்தில் 70 விழுக்காட்டிற்கும் மேல் இவ்வழியாகவே வருகின்றது என்று 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவ்வளவையும் கொண்டு வரும் கிளைக் கொத்தின் ஆயுள் ஒரு சில நாள்களே. மணிச்சத்தை வாங்கும் புரதம் இல்லாத செடிகளில் கொத்து அதற்கு முன்னரே சிதைந்துவிடுகின்றது. சரக்கு வராத கடையை வேர் விரைவில் மூடிவிடுகின்றது என்று இதனைக் கொள்ளலாம்.

செடி கொடுக்கும் விலையும் சிறிதன்று. ஒளிச்சேர்க்கையால் உண்டான கரிமப் பொருளில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூசணத்திற்குச் செல்கின்றது. அதில் சர்க்கரை மட்டுமன்றிக் கொழுப்பும் அடங்கும் என்பது 2017-இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒருசேரக் கண்ட முடிவு. கொழுப்பு அமிலத்தை ஆக்கும் அடிப்படை மரபணு இப்பூசணத்திடம் இல்லை. செடி ஊட்டினால்தான் உண்டு. மிகுதியாக மணிச்சத்துத் தரும் பூசணத்திற்குச் செடி மிகுதியாகக் கரிமம் தருவதையும், மிகுதியாகச் சர்க்கரை தரும் வேருக்குப் பூசணம் மிகுதியாக மணிச்சத்துத் தருவதையும் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மண்ணுக்கடியில் ஒரு சந்தை நடைபெறுவதாக அன்று பலரும் எழுதினர். பொருளியல் பயின்றோர்க்கு இது மகிழ்ச்சி தருவது இயல்பே. ஆனால் எல்லாச் செடிகளிலும் எல்லாப் பூசணங்களிலும் இக்கணக்கு இவ்வளவு நேர்மையாக நடைபெறுவதில்லை என்பதையும் பின்வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. வாங்குவதைவிடக் குறைவாகத் தரும் கூட்டாளிகளும் மண்ணில் உண்டு.

அழைப்பு நிற்கும் இடம்

கரிமப் பொருளில் இத்தனை பங்கைச் செலவிடும் உறவைத் தேவை இல்லாதபொழுது செடி வைத்துக்கொள்வதில்லை. உர நிர்வாகத்தைத் தொடும் செய்தி இங்கேதான் உள்ளது.

செடியின் உள்ளே மணிச்சத்து குறையும்பொழுது பி.எச்.ஆர். என்னும் புரதம் விடுபட்டுச் செயலாற்றுகின்றது. ஸ்டிரைகோலாக்டோனைத் தயாரிக்கும் மரபணுக்கள், பூசணத்தின் குறிப்பை உணரும் மரபணுக்கள், மணிச்சத்தை வாங்கும் மரபணுக்கள் ஆகிய எல்லாவற்றையும் அது ஒருங்கே இயக்குகின்றது. மணிச்சத்து மிகும்பொழுது எஸ்.பி.எக்ஸ். என்னும் வேறொரு புரதம் அதனைப் பற்றி நிறுத்திவிடுகின்றது. 2021, 2022 ஆண்டுகளில் சீனத்திலும் ஜெர்மனியிலும் நெற்செடியில் நடைபெற்ற ஆய்வுகள் இதனை நிறுவின. பி.எச்.ஆர். புரதம் குறைவுற்ற நெற்செடி, மணிச்சத்து இல்லாது வாடும்பொழுதும் பூசணத்தை உரியவாறு ஏற்பதில்லை.

எனவே மண்ணில் மணிச்சத்து நிறைந்திருக்கும் நிலத்தில், எவ்வளவு உயர்ந்த பூசண உரத்தை இட்டாலும் வேர் அதனை அழைக்காது. ஒரே நிலத்தில் மணிச்சத்து உரம் முழு அளவிலும் வேர் உட்பூசணமும் சேர்த்து இடப்படுமாயின், முதற்செலவு இரண்டாம் செலவைப் பயனற்றதாக்கிவிடும். இதனைக் கொண்டு உரமே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மணிச்சத்து மிகக் கடுமையாகக் குறைந்த மண்ணில் செடி பூசணத்திற்குக் கரிமம் ஊட்டவும் வலுவற்றுக் கிடக்கும். அங்கே சிறிதளவு உரம் இருவரையும் ஊக்குவிக்கும். மேலும் பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, மண்ணில் இருப்பதை எடுத்துத் தருகின்றது. அறுவடையோடு வெளியேறும் சத்தை என்றேனும் ஈடுசெய்தே ஆகவேண்டும். தழைச்சத்தைக் காற்றிலிருந்து புதிதாகச் சேர்க்கும் ரைசோபியத்தையும் இதனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பரப்புரைக்கு உதவுமேயன்றி உழவர்க்கு உதவாது.

பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஒன்று இங்கு நினைவு கூரத் தக்கது. கோதுமைக்குப் பரிந்துரைத்த அளவு மணிச்சத்து இட்டிருந்தால், அடுத்து வரும் நெல்லுக்கு அதனை இட வேண்டியதில்லை என்பது அது. நீர் தேங்கிய வயலில் இரும்புடன் பிணைந்த மணிச்சத்து விடுபடுவதே இதற்குக் காரணம், பூசணம் அன்று. தேங்கிய நீரில் காற்று குறைவதால் வேர் உட்பூசணம் பெரிதும் நலிந்துவிடுகின்றது. ஆகையால் நெல் என்று பொதுவாகச் சொல்வது போதாது. பஞ்சாபின் நீர் நின்ற வயலுக்கு ஒரு கணக்கு. ஹஜாரிபாக்கின் மேட்டு நிலத்திற்கு மற்றொரு கணக்கு.

வயலில் செய்யக்கூடியவை

கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹஜாரிபாக் நிலையம், மேட்டு நிலத்து மண்ணில் இயற்கையாகவே உள்ள பூசணத்தைப் பேணும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நெல்லுக்குப் பின் நெல் என்று ஒரே பயிரை விதைப்பதற்கு மாறாக, முதல் ஆண்டில் மக்காச்சோளமும் அதன் ஊடே கொள்ளும், மறு ஆண்டில் நெல்லும் விதைக்கும் சுழற்சியில் வேரில் பூசணம் மிகுந்தது. நெல்லின் மணிச்சத்து வரவும் விளைச்சலும் உயர்ந்தன. கோடை உழவின் இடைவெளியும் முக்கியமானது. களை, பூச்சிக்காகப் பருவமற்ற காலத்தில் நிலத்தை அடிக்கடி கிளறினால் மண்ணில் பின்னியிருக்கும் இழை வலை அறுபடுகின்றது. அது மீண்டும் படர்வதற்குள் விதைப்பு வந்துவிட்டால், இளம் பயிர் விடுக்கும் அழைப்பைக் கேட்க அருகில் யாரும் இருப்பதில்லை.

நிலத்தை நெடுங்காலம் தரிசாக விடுவதும் இத்தகைய விளைவையே தரும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குப் பகுதியில் நீண்ட தரிசுக்குப் பின் விதைத்த பயிர்கள், ஈரமும் தழைச்சத்தும் நிறைந்திருந்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் இன்றிக் குன்றின. பூசணம் அருகிப் போனதே காரணம் என்று 1987-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுகுக் குடும்பப் பயிர்கள் உறவுக்கான மரபணுக்கள் பலவற்றைப் பரிணாமத்தில் இழந்துவிட்டவை. அவை நிலத்தில் நிற்கும் பருவமும் இப்பூசணத்திற்குத் தரிசுக்கு ஒப்பானதே. ஆனால் கடுகுக்கு வேறொரு துணை கிடைக்கக்கூடும். தார் பாலைவன மண்ணிலிருந்து இந்திய அறிஞர்கள் பிரித்தெடுத்து 1998-இல் விவரித்த 'பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா' என்னும் பூசணம், கடுகுக் குடும்பத்து வேர்களிலும் குடியேறுகின்றது. இப்பொழுது 'செரண்டிபிட்டா இண்டிகா' என்று வழங்கும் அது சுரக்கும் செல்லோடிரையோஸ் என்னும் சர்க்கரையை அச்செடிகள் வேறொரு ஏற்பியால் அறிகின்றன. வாயில் ஒன்று மூடியிருப்பினும் மற்றொன்று உண்டு என்பதற்கு இது சான்று. இதனைச் செயற்கை ஊடகத்தில் எளிதாக வளர்க்கலாம் என்பது கூடுதல் நன்மை.

வேர் உட்பூசணத்திற்கு அந்த எளிமை இல்லை. செடி ஊட்டும் கொழுப்பின்றி அது வாழாதாகையால், அசோஸ்பைரில்லம் போலத் தொட்டியில் காய்ச்சிப் பெருக்க இயலாது. உயிருள்ள வேரின் மேல்தான் வளர்த்தாக வேண்டும். சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்த்து அவற்றின் வேரோடும் மண்ணோடும் சேர்த்து எடுப்பது ஒரு முறை. ஆய்வகத்தில் கேரட் வேரை மட்டும் தனியே வளர்த்து அதன் மேல் பெருக்குவது மற்றொரு முறை; புது தில்லியிலுள்ள டெரி நிறுவனம் வேர் வளர்ப்பு முறையைப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்றவாறு உருவாக்கியது. எம்முறையாயினும் செலவு மிகுதி. தரத்தில் ஏமாற்றத்திற்கு இடமும் மிகுதி. சந்தையிலுள்ள தயாரிப்புகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றுள் பெரும்பான்மையானவை வேரில் குடியேறவே இல்லை.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உயிர் உரங்கள் 2006-இல் கொண்டு வரப்பட்டன. வேர் உட்பூசணமும் பின்னர் அதில் இடம் பெற்றது. ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் இருத்தல் வேண்டும் என்பதோடு ஆணை நிற்கவில்லை. சோதனை வேரில் எத்தனை இடங்களில் பூசணம் புகுகின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கக் கோருகின்றது. பையில் வித்து இருப்பது போதாது, வேர் அதனை ஏற்க வேண்டும் என்ற அறிவியல் உண்மையை ஒரு கட்டுப்பாட்டு ஆணை இவ்வளவு சரியாகப் பிடித்திருப்பது பாராட்டிற்குரியது. ஆனால் இச்சோதனைக்குச் செடி வளர்த்து, வேரைச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்க வாரக் கணக்கில் ஆகும். அதற்குரிய ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்தில் ஆணை தாளில்தான் இருக்கும்.

2015-இல் தொடங்கப்பட்ட மண் வள அட்டையில் 12 அளவைகள் இடம் பெறுகின்றன. கிடைக்கக்கூடிய மணிச்சத்து அவற்றுள் ஒன்று. வேரில் பூசணம் குடியேறும் அளவு இல்லை. எல்லா நிலத்திற்கும் அதனை அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அட்டையில் உள்ள மணிச்சத்துக் கணக்கே ஓரளவு வழிகாட்டும். 'மிகுதி' என்று குறிக்கப்பட்ட நிலத்திற்குப் பூசண உரத்தைப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. அங்கே செய்ய வேண்டியது இறக்குமதி உரத்தைக் குறைப்பதே. 'குறைவு', 'நடுத்தரம்' என்று குறிக்கப்பட்ட மானாவாரி நிலங்களில்தான் வேரின் அழைப்பிற்கு மதிப்பு உண்டு.

பயிர் இனத் தேர்விலும் கருத வேண்டிய செய்தி உள்ளது. வளமான ஆராய்ச்சிப் பண்ணைகளில் தெரிவு செய்யப்பட்ட புதிய இனங்கள் அழைக்கும் திறனை இழந்துவிட்டன என்ற ஐயம் 1990-களில் கோதுமை ஆய்வுகளால் எழுந்தது. பல பயிர்களின் முடிவுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வு அதனை உறுதி செய்யவில்லை. அழைப்பின் வடிவை மாற்றுவதில்தான் இனப் பெருக்கத்திற்கு உண்மையான வாய்ப்புத் தெரிகின்றது. சுடுமல்லியை எதிர்க்கும் சோள இனங்களை ஆப்பிரிக்க உழவர்க்கு அளித்தமைக்காக எத்தியோப்பிய அறிஞர் கெபிசா எஜெட்டா 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அத்தகைய எதிர்ப்புத் திறன் கொண்ட சோளங்கள் சில அழைப்பை நிறுத்திவிடவில்லை என்பது 2017-இல் தெரியவந்தது. ஸ்டிரைகோலாக்டோனின் ஒரு வகைக்குப் பதிலாக மற்றொரு வகையை அவை கசியவிடுகின்றன. அதனைச் சுடுமல்லியின் விதை சரிவர உணர்வதில்லை.

ஹஜாரிபாக் சுழற்சியைப் பின்பற்ற விரும்பும் உழவர்க்கு, மக்காச்சோள ஆண்டில் அந்நிலத்தில் நெல் இல்லை. வீட்டுக்கு வேண்டிய அரிசியை அந்நிலத்திலிருந்தே பெறும் குடும்பத்திற்கு இது எளிய முடிவன்று. நிலத்தை இரண்டாகப் பிரித்து ஆண்டுதோறும் மாற்றி மாற்றி விதைக்கலாம். அப்படியாயினும் மக்காச்சோளத்திற்கும் கொள்ளுக்கும் அருகிலேயே வாங்குவோர் வேண்டும். ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்குபவருக்கு அரசின் மானியம் மூட்டையோடு சேர்ந்தே வருகின்றது. பயிரை மாற்றி விதைத்து அதே மணிச்சத்தை மண்ணிலிருந்து எடுப்பவருக்கு அத்தகைய வரவு எதுவும் இல்லை. மூட்டையைக் கணக்கிடுவது எளிது. எடுக்காமல் விட்ட மூட்டையைக் கணக்கிட்டு, அதில் மிஞ்சிய அயல்நாட்டுச் செலாவணியில் ஒரு பங்கை அவ்வுழவரிடம் சேர்ப்பதற்குரிய முறையை வகுப்பது அதனினும் கடினமான பணி.